மட்டமான பதில்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி பல் லேப்களிலிருந்து, மீதி அந்த லேப்களின் கைவண்ணத்தை வாயில் சுமப்பவர்களிடமிருந்து. தலைப்பைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பதில்கள் என்று பொருள்.

கேள்வி: ஆர்ட்டிகுலேட்டரில் பைட் கச்சிதமாக இருக்கிறது. கிளினிக்குக்குப் போனால் ‘ஹை’ என்று திரும்பி வருகிறது. எல்லாக் கேஸும் இல்லை, மாதத்துக்கு நாலு. தப்பு டாக்டர் எடுத்த அளவிலா, என் கையிலா?
*— டெக்னீஷியன், ஈரோடு*

பதில்: ரெண்டிலும் இல்லாமல் இருக்கலாம். மவுண்டிங் பிளேட்டைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் ஆள் அகப்பட்டான். காய்ந்த பிளாஸ்டர் துணுக்கு!

கணக்கு போடுவோம். பிளேட்டின் அகலம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓரத்தில் 0.1 மி.மீ. துணுக்கு. பிளேட் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும். எதிர் ஓரத்திலிருந்து 60 மி.மீ. தள்ளியிருக்கும் பல்லுக்குப் போகும்போது அது 0.12 மி.மீ. ஆகிவிடுகிறது. 120 மைக்ரான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மவுண்ட் செய்யும்போது இருந்த துணுக்கு கேஸ் முடியும்வரை அங்கேயே இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நடுவில் வந்தாலோ, நடுவில் போனாலோதான் வம்பு. மவுண்டின்போது இருந்த துணுக்கு அப்புறம் உதிர்ந்துவிட்டது என்றால், அந்தப் பக்கம் மேல் மாடல் லேசாக எழும்பிவிடும். அந்த இடைவெளியை நீங்கள் பீங்கானால் நிரப்புவீர்கள். வாயில் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கும், அதுதான் ‘ஹை’. உங்களுக்கு எல்லாக் கேஸும் வராமல் மாதம் நாலு மட்டும் வருவது இதனால்தான் என்று சந்தேகப்படுகிறேன். அளவில் தப்பு என்றால் ஒரே டாக்டரிடமிருந்து வரும். கையில் தப்பு என்றால் எல்லோரிடமிருந்தும் வரும். துணுக்குக்கு மட்டும்தான் இப்படி நினைத்தபோது வந்துபோகும் குணம்.

துணுக்கு இல்லையா? அடுத்தது மவுண்ட் பிளாஸ்டரின் கனம். சாதா பிளாஸ்டர் இறுகும்போது 0.3 சதவீதம் வரை உப்ப அனுமதி உண்டு. 30 மி.மீ. உயரத்துக்கு அப்பியிருந்தால் 90 மைக்ரான். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் குழைத்தால் இன்னும் கூடும். பிளாஸ்டர் இறுகியதும் முன்னால் இருக்கும் இன்சைசல் பின்னைப் பாருங்கள். தன் அடியில் இருக்கும் குட்டி மேஜையைத் தொட்டுக்கொண்டிருந்த பின் இப்போது அந்தரத்தில் நின்றால், பிளாஸ்டர் தன் வேலையைக் காட்டிவிட்டது. அதற்காகத்தான் பிளாஸ்டரை ரெண்டு தடவையாக, மெல்லிசாக வைக்கச் சொல்வது. உப்பல் குறைந்த மவுண்டிங் ஸ்டோன் தனியாகவே விற்கிறது.

மூன்றாவது, கீல். மேல் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் ஆட்டம் வந்துவிட்டது.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் டாக்டருக்கு போன் போடுங்கள். அதுவும் அவர் சாப்பிட்ட பிறகு.

கேள்வி: ஆர்ட்டிகுலேட்டர், ஆர்ட்டிகுலேட்டர் என்கிறீர்களே, அது என்ன சார்?
*— குடும்பத் தலைவி, மன்னார்குடி*

பதில்: உலோகத்தில் செய்த தாடை. உங்கள் மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்களின் மாடலை அதில் மாட்டி, நீங்கள் வீட்டில் காபி போட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் மேஜையில் உங்களை மெல்ல வைக்கிறோம். கீல் ஆடினால் கதவு நிலையில் இடிக்கும் அல்லவா? இங்கே கீல் ஆடினால் உங்கள் பல் இடிக்கும்.

கேள்வி: மைக்ரான் கணக்கில் அலட்டுகிறீர்கள். வாய்க்கு அதெல்லாம் தெரியுமா?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்*

பதில்: தயிர்சாதத்தில் ஒரே ஒரு மணல் கடிபட்ட அன்று வீட்டில் என்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள் சார். இயற்கைப் பற்கள் நடுவில் இருக்கும் பொருளின் கனத்தை ஏறக்குறைய 20 மைக்ரான் அளவிலேயே உணர்ந்துவிடும். ஒரு தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு.

எங்களிடம் ஷிம்ஸ்டாக் என்று ஒரு வெள்ளித்தாள் போன்ற ஃபாயில் இருக்கிறது. கனம் 8 மைக்ரான். அதை ரெண்டு பல்லுக்கு நடுவே வைத்து மாடலை மூடி இழுத்தால், வராமல் நின்றால் பல் தொடுகிறது, நழுவி வந்தால் தொடவில்லை. அவ்வளவுதான் சோதனை. ஆனால் பல லேப்களில் மேஜையில் கிடப்பது 200 மைக்ரான் நீலத்தாள் மட்டும். அதை வைத்துக்கொண்டு 20 மைக்ரான் தப்பைத் தேடுவது, குழம்புக் கரண்டியால் காதில் சொட்டு மருந்து விடுவது மாதிரி.

கேள்வி: மவுண்டைக் கழற்ற எங்கள் சீனியர் ஆர்ட்டிகுலேட்டரோடு சேர்த்து மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். உடனே கழன்றுவிடும். தப்பா?
*— புதிதாய்ச் சேர்ந்தவர், சேலம்*

பதில்: தேங்காய் உடைக்கப் பிள்ளையார் கோயில் இருக்கிறது என்று சீனியரிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லலாம்.

கேள்வி: ஒரே கம்பெனி, ஒரே மாடல் ஆர்ட்டிகுலேட்டர் மூன்று வைத்திருக்கிறோம். ஒன்றில் மவுண்ட் செய்துவிட்டு இன்னொன்றில் வேலை பார்க்கலாமா?
*— லேப் உரிமையாளர், கோவை*

பதில்: ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைகளும் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? சில மாடல்களுக்கு அளவுக்கட்டை கொடுத்து, அதை வைத்து எல்லாப் பிளேட்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் வசதி உண்டு. உங்களுடையதில் அது இல்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள்.

எல்லாப் பல்லும் இருக்கும் ஒரு ஜோடி மாடலை நல்ல ஸ்டோனில் ஊற்றி முதல் ஆர்ட்டிகுலேட்டரில் மவுண்ட் செய்யுங்கள். ஷிம்ஸ்டாக்கை எடுத்து எந்தெந்தப் பல்லில் பிடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பற்களின் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். இப்போது பிளேட்டோடு கழற்றி ரெண்டாவதில் மாட்டுங்கள். அதே புள்ளிகளில் பிடிக்கிறதா? பிடித்தால் ரெண்டும் சம்பந்தி. வலதுபக்கம் பிடித்து இடதுபக்கம் நழுவினால் சம்பந்தம் முறிந்தது. முறிந்த ஆர்ட்டிகுலேட்டருக்கு பெயின்டில் ஒரு நம்பர் போட்டு, அதில் ஏறும் ஒவ்வொரு மவுண்டிலும் அதே நம்பரை எழுதச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுவதும் தனிக்குடித்தனம்.

அந்த மாடல் ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். ஆர்ட்டிகுலேட்டர் கீழே விழும் நாளில் அதுதான் சாட்சி.

கேள்வி: ஆர்ட்டிகுலேட்டரில் 30, 15 என்று ஸ்க்ரூவை வைத்துவிட்டு எல்லோரும் அதையே நம்பி வேலை செய்கிறோம். இந்த நம்பரை யார் கண்டுபிடித்தது?
*— டென்டல் மெக்கானிக் மாணவி, சென்னை*

பதில்: பல பேர் கைபட்ட நம்பர் அது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பான்வில் என்று ஒரு பல் மருத்துவர் இருந்தார். தாடையின் ரெண்டு மூட்டுகளையும் கீழ் முன்பற்களின் நடுப்புள்ளியையும் கோடு போட்டு இணைத்தால், பக்கத்துக்கு 4 அங்குலம் கொண்ட சமபக்க முக்கோணம் கிடைக்கும் என்றார். தந்தி இயந்திரம் டக்டக்கென்று தட்டுவதைப் பார்த்து, பல்லில் தங்கம் அடைப்பதற்கு மின்சாரச் சுத்தியல் செய்தவரும் இவர்தான். சுத்தியல் போய்விட்டது, முக்கோணம் இன்றைக்கும் பல ஆர்ட்டிகுலேட்டர்களின் உடம்புக்குள் இருக்கிறது.

அடுத்து ஹனாவ். பல் மருத்துவர் இல்லை, இன்ஜினீயர். 1920-களில் அவர் ஒரு சூத்திரம் கொடுத்தார். தாடை முன்னால் நகரும் கோணத்தை 8-ஆல் வகுத்து 12-ஐக் கூட்டினால் பக்கவாட்டுக் கோணம். 30-ஐ வகுத்தால் 3.75, கூட்டினால் 15.75. உங்கள் 30-ம் 15-ம் ஒன்றாக வாழ்வது இப்படித்தான்.

இது சராசரி. ஊர்க்காரர்களின் சராசரி செருப்பு அளவு மாதிரி. ஒரு பல், ரெண்டு பல் கேஸுக்குப் போதும். வாய் முழுக்க மாற்றும் கேஸுக்கு டாக்டரிடம் பேஷன்டின் சொந்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

நான் பார்த்தவரையில் தொல்லை நம்பரில் இல்லை. முந்தின கேஸுக்காக ஒருவர் வலப்பக்கத்தை 40-ல் வைத்திருப்பார், திருப்பி வைக்க மறந்திருப்பார். அடுத்த பத்து பேர் இடப்பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு “30-தான் இருக்கு” என்பார்கள். காலையில் முதல் வேலையாக ரெண்டு பக்கமும் பாருங்கள். கோட்டுக்கு நேராகக் கண்ணை இறக்கிப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் ஒரு கோடு தள்ளித்தான் தெரியும்.

கேள்வி: மைக்ரோமோட்டார் ஹேண்ட்பீஸ் கையில் உதறுகிறது. பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக் 3 ஆயிரம் கேட்கிறார்.
*— டெக்னீஷியன், நாகர்கோவில்*

பதில்: 3 ஆயிரத்துக்கு முன் 3 நிமிஷம். பர்ரைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டி விடுங்கள். நுனி தத்தித் தத்திப் போனால் வளைந்திருக்கிறது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது பர்ரை மாட்டி மெதுவாக ஓட்டுங்கள். நுனி ஒன்றாகத் தெரிந்தால் ஹேண்ட்பீஸ் நிரபராதி. ரெண்டாகத் தெரிந்தால், பர்ரைப் பிடிக்கும் கோலட்டைச் சுத்தம் செய்துவிட்டு இன்னொரு தடவை. அதற்கும் ரெண்டாகத் தெரிந்தால் மெக்கானிக் சொன்னது உண்மை. பணத்தை எடுத்து வையுங்கள்.

ஒரு பாவமன்னிப்பு. வேலை கற்ற காலத்தில் ஒரு ஹேண்ட்பீஸைத் தரையில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. துடைத்து, ஸ்டாண்டில் நல்ல பிள்ளையாக மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் பக்கத்து மேஜைக்காரர் முடிக்கும் ஓரங்களெல்லாம் பிசிறு தட்டின. முதலாளி அவரைத் திட்டினார். அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டு மூக்குக்கண்ணாடியே மாற்றினார். இன்றுவரை அந்தக் கண்ணாடிக் காசை நான் கொடுக்கவில்லை. இதனால்தான் நான் எந்த லேபுக்குப் போனாலும் முதலாளிகளிடம் கேட்டுக்கொள்வது: கீழே போட்டதைச் சொன்னவனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவன் சொல்ல மாட்டான்.

கேள்வி: சர்வேயரில் பார்த்து, கேஜ் வைத்து 0.25 மி.மீ. அண்டர்கட்டில்தான் கொக்கி வைக்கிறேன். மெட்டல் பிளேட் ஒரு பக்கம் கவ்வுகிறது, மறுபக்கம் தொளதொளக்கிறது.
*— டெக்னீஷியன், திருநெல்வேலி*

பதில்: நிலம் அளக்கும் சர்வேயரே கல்லைத் தள்ளி நட்டால் வரப்பு என்ன செய்யும்? மாடலில் பல்லின் சரிவைப் பார்க்கும் உங்கள் சர்வேயரின் செங்குத்துக் கம்பி நிஜமாகவே செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். கொத்தனாரிடம் ஒரு மூலைமட்டத்தை இரவல் வாங்கி, அடித்தட்டில் நிறுத்தி, கம்பியோடு ஒட்டிவைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் மேலே ஒரு கனம், கீழே ஒரு கனமாகத் தெரிந்தால் கம்பி சாய்ந்திருக்கிறது.

1 பாகை சாய்வு கண்ணுக்கே தெரியாது. ஆனால் 6 மி.மீ. உயரப் பல்லில் அது 0.1 மி.மீ. உங்கள் 0.25-ல் ஐந்தில் ரெண்டு பங்கு அங்கேயே போச்சு. கம்பி எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் மாடலும் அதே சாய்வுக்குப் பழகிவிடாதா என்று கேட்பீர்கள். மாடலைத் திருப்பாமல் இருந்தால் பழகும். நீங்கள் வலப்பக்கப் பல்லைப் பார்த்துவிட்டு, மாடல் உட்காரும் மேஜையைச் சுற்றி இடப்பக்கப் பல்லைக் கொண்டுவருகிறீர்கள். கம்பி அதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, மாடல் அரைவட்டம் திரும்பிவிட்டது. ஒரு பக்கம் கூடின அளவு மறுபக்கம் குறைகிறது. கவ்வலும் தொளதொளப்பும் அதுதான்.

கம்பி நேராக இருந்தால், அது ஏறி இறங்கும் குழாயில் ஆட்டம் இருக்கிறதா, கார்பன் முனை உடைந்து கோணலாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 1923-ல் விற்பனைக்கு வந்த நே சர்வேயரிலிருந்து இன்றுவரை இந்தக் கருவியின் அடிப்படை மாறவில்லை. மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். நேராக நின்றால் போதும் அதற்கு.

கேள்வி: பின் துளை போடும் மெஷினில் வெளிச்சப் புள்ளியைப் பல்லுக்கு நடுவில்தான் வைக்கிறேன். துளை ஓரத்தில் விழுகிறது.
*— டெக்னீஷியன், தஞ்சாவூர்*

பதில்: மேலேயிருந்து வெளிச்சம், கீழேயிருந்து டிரில். ரெண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று யாரோ ஒருநாள் சரிசெய்து வைத்தார்கள், அப்புறம் யாரோ இடித்துவிட்டார்கள். பழைய அக்ரிலிக் தகட்டில் ஒரு துளை போட்டு, தகட்டை நகர்த்தாமல் டிரில்லை இறக்கிவிட்டுப் பாருங்கள். புள்ளி துளைக்குள் விழவேண்டும். விழாவிட்டால் விளக்கைத் திருப்புங்கள், டிரில்லைத் தொடாதீர்கள்.

கேள்வி: காஸ்டிங் மெஷின் சுற்றும்போது மேஜையோடு நகர்கிறது. பயமாக இருக்கிறது.
*— பெயர் வேண்டாம், மதுரை*

பதில்: பயப்படுங்கள். இந்தப் பக்கத்தில் நான் கிண்டல் செய்யாத ஒரே பதில் இது. உருகிய உலோகத்தைச் சுமந்துகொண்டு சுற்றும் கை அது. போல்ட் போட்டு இறுக்காத மேஜையில் ஓட்டாதீர்கள். கேஸுக்குக் கேஸ் ரிங்கின் எடை மாறுகிறது, எதிர்ப்பக்க எடையையும் மாற்ற வேண்டும். ரிங், குரூசிபிள், உலோகம் எல்லாவற்றையும் மாட்டி, கையைத் தளர்த்தித் தராசு மாதிரி நிற்கவிட்டு, சமமாகும்வரை எடையை நகர்த்தி இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்கேனர், மில்லிங் மெஷின் என்று எல்லாம் கம்ப்யூட்டர்மயம். இனி இந்த ரசமட்டம், மூலைமட்டம் எல்லாம் மியூசியத்துக்குத்தானே?
*— கேட்கேம் டிசைனர், வேலூர்*

பதில்: உங்கள் மில்லிங் மெஷினின் ஹோல்டரைக் கழற்றி, ஜிர்கோனியா டிஸ்க் உட்காரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? ஈரோட்டுக்காரருக்குப் பிளாஸ்டர், உங்களுக்கு ஜிர்கோனியா மாவு. துணுக்குக்குத் தொழில்நுட்ப வேறுபாடு கிடையாது.

ஜிர்கோனியா ஃபர்னஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் பெரிதாகக் கடைந்து சுடுகிறோம். எவ்வளவு பெரிதாக என்பது ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அச்சாகியிருக்கும். பழைய டிஸ்க்கின் நம்பரையே கம்ப்யூட்டரில் விட்டுவிட்டு, “மெஷின் அலைன்மென்ட் போச்சு” என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர் வந்து நம்பரை மாற்றிவிட்டுப் பில் போட்டுப் போனார்.

நீங்கள் வேலூர் என்பதால் இன்னொன்று. மதியம் சாப்பிடப் போகும்போது ஏ.சி.யை நிறுத்துகிறீர்களா? 100 மி.மீ. நீள அலுமினியம் 10 பாகை சூடேறினால் 23 மைக்ரான் நீளும். 8 மைக்ரான் ஃபாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரைக் காலையில் குளிர்ந்த அறையில் காலிபரேட் செய்துவிட்டு மதியம் வெந்த அறையில் அளந்தால், அளவு சொல்வது வெயில். அறை ஒரே சூட்டுக்கு வந்து, ஸ்கேனரும் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு காலிபரேட் செய்யுங்கள். காலிபரேட் செய்யும் தகட்டை ஓரத்தில் பிடியுங்கள். மேஜையை நகர்த்தினால் மறுபடியும் முதலிலிருந்து.

கேள்வி: கேப் போட்டு நாலு நாள் ஆச்சு. அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது. போகப்போகப் பழகிடும் என்கிறார் மாமியார்.
*— வாசகி, காரைக்குடி*

பதில்: மாமியார் விஷயத்தில் வேண்டுமானால் அது சரி. பல் பழகாது, வலிக்கும். டாக்டரிடம் போங்கள், தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி இடிக்கும் இடத்தைத் தேய்த்துவிடுவார். நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து நீங்களே முயல வேண்டாம்.

கேள்வி: சின்ன லேப். ரசமட்டம், மூலைமட்டம், ஃபாயில், டயல் கேஜ் என்று நீங்கள் அடுக்கும் எல்லாவற்றையும் வாங்க வழியில்லை. ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் எது?
*— லேப் உரிமையாளர், திண்டுக்கல்*

பதில்: பெயின்ட் கடைக்குப் போய் ஓர் அரை இஞ்ச் பிரஷ் கேளுங்கள். பிளேட்டை மாட்டும் முன், மாடலை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டும் முன் ரெண்டு இழுப்பு. பெயின்ட் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.